சுமைதாங்கிக் கல்லும் டீசல் பம்பும்

லூதர், ஓக்லஹோமா

ஓக்லஹோமா சிட்டிக்குக் கிழக்கே, பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையின் ஓரத்தில், மணற்கல்லில் கட்டிய சின்ன பெட்ரோல் பங்க் ஒன்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குடியானவரின் வீடு என்றுதான் தோன்றும். ஆலன் த்ரெட் என்ற கறுப்பின விவசாயியின் குடும்பம் 1915 வாக்கில் இதைக் கட்டியது. 66-ஆம் சாலைக்கு அந்த எண் வந்ததே 1926-இல்தான். வெள்ளையர் பங்குகள் பலவற்றில் கறுப்பினக் குடும்பத்துக்குப் பெட்ரோல் கிடைத்தாலும் கழிவறைச் சாவி கிடைக்காத காலம் அது. பொழுது சாய்ந்தபின் கறுப்பினத்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது என்று விதித்திருந்த ஊர்களும் இந்த வழியில் இருந்தன. ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936-இல் 'கிரீன் புக்' என்ற வழிகாட்டியை வெளியிடத் தொடங்கியதும் இதனால்தான். எங்கே வண்டியை நிறுத்தலாம், எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அது ஊர்வாரியாகச் சொன்னது. த்ரெட் குடும்பத்துப் பங்க் யாரும் பயமில்லாமல் நின்று போகக்கூடிய இடமாக இருந்தது. 1995-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் அதற்கு இடம் கிடைத்தது.

இதே ஓக்லஹோமாவின் பார்ட்லஸ்வில் நகரிலிருந்து இயங்கிய ஃபிலிப்ஸ் நிறுவனம், 1939-இல் பதிவுபெற்ற நர்சுகளைச் சீருடையில் ஊர் ஊராக அனுப்பித் தன் பங்குகளின் கழிவறைகளைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருபுறம், கழிவறையைப் பார்வையிட நர்சு வைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட வாடிக்கையாளர் சேவை. மறுபுறம், கழிவறைக்குள் நுழையவே முடியாத வாடிக்கையாளர். பங்கில் உபசரிப்பு என்றவுடன் சிரித்த முகம், கண்ணாடி துடைத்துவிடும் பையன், 'வாங்க' என்ற வரவேற்பு ஆகியவைதாம் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் அப்புறம். யாரிடமும் கெஞ்சாமல் நிற்க முடிகிறதா, நின்ற வேலையை முடித்துக்கொண்டு மானமாகக் கிளம்ப முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியா வரை 40-ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் வீட்டு வண்டியோடு போகிறவர்களின் நிலையை இந்த ஒரு கேள்வியை வைத்து அளக்கலாம் என்பதே என் கட்சி. அவர்கள் படும் சிரமத்தைக் கறுப்பின மக்கள் பட்ட அவமானத்தோடு ஒப்பிடவில்லை. அளவுகோல் மட்டும் அந்த மணற்கல் பங்கிலிருந்து கிடைக்கிறது.

நம் ஊர்ச் சாலைகளில் ஒரு காலத்தில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. இன்றும் சில கிராமங்களில் பார்க்கலாம். இரண்டு கல்லை நட்டு அதன்மேல் ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்த ஆளின் உதவி இல்லாமல் சுமையை அதன்மேல் தள்ளி இறக்கலாம், மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பத்திலேயே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது பல ஊர்களில் வழக்கம். அந்தக் கல் யாரையும் வரவேற்றதில்லை. சுமக்கிறவனின் உயரத்தை அறிந்து நிற்கிறது, அவ்வளவுதான். வழியில் செல்பவருக்குச் செய்யும் உபசாரத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

ஓக்லஹோமா சிட்டியிலிருந்து மேற்கே

அமெரிக்காவில் ஆர்.வி. என்றால் சக்கரத்தின்மேல் ஒரு வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய நீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று, சமையலுக்கும் கணப்புக்கும் புரோபேன் காஸ் என எல்லாம் அதற்குள் உண்டு. பெரிய வண்டி 40 அடி, 45 அடி நீளம், கூரைமேல் ஏ.சி. பெட்டியோடு சேர்த்து 12, 13 அடி உயரம். பின்னால் ஒரு காரையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். காரின் நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி கட்டி இழுத்தால் அந்த வண்டியைப் பின்னால் எடுக்கவே முடியாது. காரின் முன்சக்கரங்கள் கோணி இணைப்புக் கம்பி வளைந்துவிடும். பங்குக்குள் ஒருமுறை நுழைந்தால் முன்பக்கமாக வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் மழையோ வெயிலோ, இறங்கிக் காரைக் கழற்றியாக வேண்டும். நாலு சக்கரக் காரில் வருபவருக்கு இந்தக் கவலை ஒன்றுகூடத் தோன்றாது. பங்குகளைப் பெரும்பாலும் அவரை மனதில் வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

நம் பங்குகளில் ஆள் இருக்கிறார். 'ஜீரோ பாத்துக்கோங்க சார்' என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார். காற்றும் குடிநீரும் கழிவறையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் வகுத்த விதி. அது எத்தனை இடத்தில் நடக்கிறது என்பது வேறு பேச்சு. அமெரிக்காவில் அந்த ஆள் மறைந்து பல காலமாகிறது. 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் 'நீங்களே போட்டுக்கொண்டால் விலை குறைவு' என்று விளம்பரம் செய்தார். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அதுவே நாட்டு வழக்கமாயிற்று. இன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் மட்டும், 1949-இல் போட்ட சட்டப்படி, பெட்ரோலை ஊழியர்தான் போட வேண்டும். இந்த மாற்றத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. டேங்கில் குழாயைச் செருக இன்னொருவர் தேவையில்லை. மிச்சமாகும் காசு வாங்குகிறவருக்கே. ஆனால் ஆளை எடுத்துவிட்ட இடத்தில் அவர் செய்துகொண்டிருந்த மற்ற காரியங்களை யார் செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. 'இந்தப் பக்கம் திருப்புங்க, கூரை இடிக்கும்' என்று முன்பு ஒருவர் கையைக் காட்டியிருப்பார். இன்று அதை அறிவிப்புப் பலகையும் தரையில் போட்ட கோடும் சொல்ல வேண்டும். பல இடங்களில் இரண்டும் இல்லை.

பொறுப்பு இப்படி யாரிடமும் இல்லாமல் நிற்பதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1956-இல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு வித்திட்டபோதே, சாலைக்குச் சொந்தமான நிலத்தில் பங்க் வைக்கக் கூடாது என்று விதித்துவிட்டார்கள். சாலையோர ஊர்களின் வியாபாரம் அழியக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். விளைவு, மாநில அரசின் ஓய்விடத்தில் கழிவறையும் மேசையும் நிழலும் கிடைக்கும், எரிபொருள் கிடைக்காது. எரிபொருள் விற்பவர் சாலையை விட்டு இறங்கிய இடத்தில் தனியாராக இருக்கிறார். கழிவுத்தொட்டியைக் கொட்ட இடம் யார் தருவது, நல்ல தண்ணீர் யார் தருவது என்றால் இருவரில் யாருக்கும் அது கடமை இல்லை. சில மாநிலங்களின் ஓய்விடத்தில் இருக்கிறது, சில பங்குகளில் இருக்கிறது, நூறு மைலுக்கு எதிலும் இல்லாமலும் போகிறது.

ஷாம்ராக், டெக்சஸ்

டெக்சஸுக்குள் நுழைந்ததும் வரும் முதல் பெரிய ஊர் ஷாம்ராக். அங்கே 1936-இல் கட்டிய யூ-டிராப் இன் கோபுரம், பச்சை ஓடும் இரவில் நியான் விளக்குமாக, அமெரிக்கப் பங்குக் கட்டடங்களிலேயே அழகானது என்று சொல்லத் தகுந்தது. 'கார்ஸ்' படத்தில் வரும் பெயின்ட் கடைக்கு இதுதான் மாதிரி. இப்போது பெட்ரோல் கிடையாது, பார்வையாளர் மையமாக ஊராட்சி நடத்துகிறது. அருகிலேயே டெஸ்லா மின்னேற்றிகள் நிற்கின்றன. பழைய தவறு புதிய உருவத்தில் திரும்பி வருவதை இம்மாதிரி மின்னேற்றி நிலையங்களில் பார்க்கலாம். நாட்டில் பெரும்பாலானவற்றை, கார் பின்பக்கமாக உள்ளே வந்து நிற்கும்படி வரிசையாக நட்டிருக்கிறார்கள். மின்வண்டியில் டிரெய்லர் இழுத்து வருகிறவர் அதை எங்காவது கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். ஊடாகப் போய் வெளியேறும் தடம் ஒன்றிரண்டு போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இயந்திரம் நவீனமாகிவிட்டது; வருகிறவர் எதைச் சுமந்து வருகிறார் என்று கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

ஆனால் கேட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு இந்தச் சாலையிலேயே சான்று கிடைக்கிறது. இறங்குவழிக்கு முன்னால் பங்குகளின் சின்னங்களை அடுக்கிய நீலப் பலகையில், சில சின்னங்களின் ஓரத்தில் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கும், அதற்குள் கறுப்பில் 'ஆர்.வி.' என்ற எழுத்து. மத்திய அரசின் 2009-ஆம் ஆண்டுச் சாலைக் குறியீட்டுக் கையேட்டில் இதற்கு இடம் உண்டு. அந்த வட்டத்தைப் பெற வேண்டுமானால் பம்புகளின் மேற்கூரைக்கு 14 அடி உயரம் வேண்டும். நிறுத்துமிடம் 12 அடி அகலமும் 65 அடி நீளமும் இருக்க வேண்டும். வண்டி திரும்ப 50 அடி வளைவு வேண்டும். ஊழியர் சிரிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நட்பான இடம் எது என்று ஓர் அரசு அடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. நான் சொல்ல வருவதை என்னைவிட அந்தப் பட்டியல் நன்றாகச் சொல்கிறது.

அமரில்லோ, வேகா

அமரில்லோவுக்கு வந்தால் நிலம் தட்டு மாதிரி. காற்றாலைகளும் மாட்டுப் பட்டிகளும் தவிர கண்ணுக்குத் தடையே இல்லை. லவ்ஸ் நிறுவனம் தன் முதல் பயண நிறுத்தத்தை 1981-இல் திறந்தது இந்த ஊரில்தான். 1964-இல் ஓக்லஹோமாவின் வாட்டோங்காவில் ஒரே ஒரு பங்காகத் தொடங்கியவர்கள். லாரிக்கு ஒரு பக்கம், காருக்கு ஒரு பக்கம், நடுவில் கடை, குளியலறை, சாப்பாடு என்ற அமைப்பு இன்று நாடு முழுவதும் இருக்கிறது. ஆர்.வி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. காருக்குரிய பக்கத்தில் நுழைந்தால் கூரையும் திருப்பமும் இடிக்கும். லாரிப் பக்கத்தில் டீசல் மட்டும்தான்; வாடகைக்கு எடுக்கும் ஆர்.வி.க்கள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடுபவை. விடுமுறைக்கு வண்டி எடுத்துக் கிளம்பும் நம் குடும்பங்கள் பலவும் இந்த ரகம்தான். இதற்கென்றே சில பெரிய நிறுவனங்கள் பெட்ரோலும் டீசலும் சேர்ந்த தனித் தடத்தை ஆர்.வி.க்கு ஒதுக்கியிருக்கின்றன. அது எங்கே இருக்கிறதோ அங்கே பாதிச் சச்சரவு ஓய்ந்துவிடுகிறது.

சச்சரவு என்றேன். லாரி ஓட்டுநர்களின் குறை நியாயமானது, அதைத் தள்ளிவிட்டுப் பேசக் கூடாது. அவர்கள் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். 2017 டிசம்பர் முதல் மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்கிறது, ஏமாற்றுவது கடினம். பலருக்கு மைல் கணக்கில் கூலி. முன்னால் நிற்கும் ஆர்.வி.க்காரர் டீசல் போட்டுவிட்டு, வண்டியைப் பம்பிலேயே விட்டுவிட்டு, காபி வாங்கக் குடும்பத்தோடு உள்ளே போனால், பின்னால் நிற்பவரின் கூலியிலிருந்து அந்த நிமிடங்கள் கழிகின்றன. உல்லாசமாகச் சுற்றுகிறவருக்காக உழைக்கிறவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை. பம்பில் போட்டவுடன் முன்னால் உள்ள கோட்டுக்கு வண்டியை நகர்த்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது லாரிக்காரர்களுக்குள் எழுதாத சட்டம். புதிதாக வருகிறவருக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை. பம்பின் கண்ணெதிரே ஒரு பலகை எழுதி வைக்க என்ன செலவாகும்? இருவரையும் ஒரே தடத்தில் விட்டு, விதியையும் சொல்லாமல், பிறகு ஒருவர் மேல் ஒருவர் ஹாரன் அடிப்பதை வேடிக்கை பார்ப்பது கடைக்காரரின் குற்றம்.

அமரில்லோவுக்கு மேற்கே சுமார் 35 மைலில் வேகா. இந்தச் சின்ன ஊரின் லாரி நிறுத்தத்தில் இந்தியச் சமையல் கிடைக்கிறது. அமெரிக்க லாரித் தொழிலில் பஞ்சாபிகள் பெருகியபின் 40-ஆம் சாலை நெடுக இப்படிப் பல தாபாக்கள் முளைத்திருக்கின்றன. டெக்சஸ் புல்வெளி நடுவில் பராத்தாவும் பருப்பும் ஏலக்காய் தட்டிப் போட்ட தேநீரும். ஹாம்பர்கரிலேயே பல நூறு மைல் கடந்தவர்களுக்கு அந்தத் தேநீரின் அருமை தெரியும். இங்கேயும் நடந்தது அதேதான். வருகிறவர் எதைத் தின்று வளர்ந்தவர் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். அந்த யோசனையின் பலன் வெள்ளையர், மெக்சிகர் எல்லோருக்கும் கிடைக்கிறது.

டுகும்காரியிலிருந்து கேலப் வரை

நியூ மெக்சிகோவில் நிலம் சிவக்கிறது. மேசைபோல உச்சி வெட்டிய குன்றுகள், அடிவானம் வரை முட்புதர். நாலைந்து நாள் வண்டியிலேயே வாழ்ந்தவருக்கு இந்த அழகின் நடுவே மனதில் ஓடுவது கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டதே என்ற கவலை. இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. கழிவு கொட்டும் இடம் நன்றாக அமைந்தால் எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பார்க்கலாம். கான்கிரீட் தரை நாற்புறமிருந்தும் நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். நடுவில் ஒரு துளை, அதன்மேல் காலால் மிதித்துத் திறக்கும் இரும்பு மூடி, கை படாது. அமெரிக்க வண்டிகளில் கழிவுக் குழாய் இடப்பக்கம், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும். துளையும் அந்தப் பக்கம் வரும்படி தடம் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் எட்டாது. முதலில் கழிவறைத் தொட்டியைத் திறப்பார்கள். அது வடிந்தபின் சமையல் நீர்த் தொட்டியைத் திறந்தால், சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். தரையை அலச ஒரு குழாய், 'குடிக்க உதவாது' என்ற எழுத்தோடு. குடிநீர்க் குழாய் அதிலிருந்து தள்ளி, வண்டி அடுத்தபடி நகர்ந்து நிற்கும் இடத்தில். இந்த ஐந்தாறு விஷயத்தைச் சரியாக வைத்தவர் யாரென்று பயணிக்குத் தெரியாது. அவருக்கு நன்றி சொல்லவும் வாய்ப்பில்லை.

இதெல்லாம் இலவசமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்டதைக் கொட்டித் துளையை அடைத்துவிடுகிறார்கள், அதனால்தான் மூடிவிட்டோம் என்று சொல்பவர்களும் உண்டு. அடைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. கட்டணம் வாங்குவதில் தப்பே இல்லை, பல பங்குகள் வாங்குகின்றன. மூடிவிடுவதுதான் தவறான முடிவு, ஏனென்றால் தொட்டி நிரம்பியபின் அது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். தண்ணீருக்கும் இதையே சொல்வேன், இன்னும் அழுத்தமாக. கேலப் நகரைச் சுற்றியும் அதற்கு மேற்கேயும் இருப்பது நவாஹோ மக்களின் நாடு. அங்கே சுமார் பத்தில் மூன்று வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது என்று கணக்குச் சொல்கிறார்கள். பிக்கப் வண்டியில் பீப்பாய் ஏற்றி, பல மைல் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறார்கள். அந்த மண்ணில் நூறு கேலன் தொட்டியோடு வரும் சுற்றுலாப் பயணி தண்ணீரை இனாமாக எதிர்பார்ப்பது சரியல்ல. அளந்து, விலை வைத்து, உள்ளூர்க்காரர் வரிசைக்குக் குறுக்கே நிற்காமல் கொடுப்பதே அங்கே முறை.

செலிக்மன், அரிசோனா

செலிக்மனை 40-ஆம் சாலை 1978 செப்டம்பரில் ஓரம்கட்டியது. ஒரே நாளில் ஊருக்குள் வண்டி வரத்து நின்றுபோயிற்று. முடிதிருத்தும் தொழில் செய்த ஏஞ்சல் டெல்கடீயோ 1987-இல் ஊர்க்காரர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்து, பழைய 66-ஆம் சாலையை வரலாற்றுச் சாலையாக அரிசோனா அறிவிக்கும்படி செய்தார். இன்று அந்தத் தெருவில் பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்குகிறார்கள். பயணி வந்தால்தான் ஊர் பிழைக்கும் என்பதைப் பட்டு அறிந்த ஊர் அது.

நான் இடத்தையும் அளவையுமே பேசிக்கொண்டிருப்பதாகவும், மனிதருக்கு இதில் வேலையே இல்லையா என்றும் யாராவது கேட்கலாம். இருக்கிறது. புரோபேன் நிரப்பும் இடத்துக்குப் போனால் தெரியும். அதைப் பயணி தானே நிரப்ப முடியாது. பயிற்சி பெற்ற ஊழியர்தான் நிரப்ப வேண்டும். வண்டியில் இருப்பவர்களை இறங்கச் சொல்வார், அடுப்பும் கணப்பும் அணைந்திருக்கிறதா என்று கேட்பார். கையுறை மாட்டி, குழாயை முறுக்கி, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சின்னத் திருகைத் திறந்து விடுவார். முதலில் வெறும் காற்றாகச் சீறும். திரவம் 80 சதவீத மட்டத்தைத் தொட்டதும் அந்தத் துளையில் வெண்புகை மாதிரி பீய்ச்சும், உடனே நிறுத்திவிடுவார். பாலைவன வெயிலில் காஸ் விரிய மிச்சம் 20 சதவீத இடம் காலியாக இருந்தாக வேண்டும். தனிச் சிலிண்டர் என்றால் கழுத்து வளையத்தில் குத்தியிருக்கும் தேதியைப் படிப்பார். 12 ஆண்டு தாண்டி மறுசோதனை ஆகாமல் இருந்தால் நிரப்ப மாட்டார். 'முடியாது' என்று அவர் சொல்வதும் சேவைதான், வண்டிக்குள் தூங்கப் போகும் குழந்தைகளுக்குச் செய்யும் சேவை. இந்த வேலை தெரிந்த ஆள் பணியில் இல்லாததால் பூட்டிக் கிடக்கும் புரோபேன் தொட்டிகள் வழி நெடுக உண்டு. வரவேற்புக்கு நாலு பேரை நிறுத்துவதைவிட இந்த ஒருவரை எல்லா நேரப் பணியிலும் வைத்திருப்பது மேல். கார்டில் ஒரு தொகைக்குமேல் போகாமல் பம்ப் பாதித் தொட்டியிலேயே நின்றுவிடும்போது, மறுபேச்சில்லாமல் திரும்பத் திறந்துவிடும் அதிகாரமும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம்: ஆர்.வி. வாங்க வசதி உள்ளவர்கள் தங்கள் சௌகரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டுமே. சிலருக்கு அது பொருந்தும். ஆனால் வீட்டு வாடகை கட்ட முடியாமல் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, பருவத்துக்கு ஒரு வேலையாக ஊர் ஊராகப் போகும் முதியவர்கள் ஏராளம். ஜெசிக்கா ப்ரூடர் 2017-இல் எழுதிய 'நோமாட்லேண்ட்' அவர்களைப் பற்றியதுதான்; அது படமாகவும் வந்தது. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம் தோறும் கூடுகிறவர்களில் அவர்களும் உண்டு. பங்கின் குழாயும் கழிவுத் துளையும் அவர்களுக்கு விடுமுறைச் சௌகரியமாக இல்லை, வீட்டின் பின்கட்டாக இருக்கின்றன. அமைப்பு நன்றாக இருந்தால் வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மாதிரி பயன்படுத்திவிட்டுப் போவார்கள்.

நீடில்ஸ், அம்பாய்

கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிஃபோர்னியா. ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் விலைப்பலகையில் எண்கள் வேறு. கலிஃபோர்னியாவின் வரியும் எரிபொருள் விதிகளும் சேர்ந்து நீடில்ஸில் கேலன் விலையை நன்றாக உயர்த்திவிடுகின்றன. அரிசோனாவிலேயே நிரப்பிக்கொண்டு வருவது புத்தி. அதன்பிறகு மொஹாவி பாலைவனம். பழைய சாலையில் இறங்கினால் அம்பாய். 1938-இல் தொடங்கிய ராய்ஸ் நிறுத்தமும், 1959-இல் நட்ட அதன் உயர்ந்த பெயர்ப்பலகையும் பல மைலுக்கு முன்பே தெரியும். 1973-இல் 40-ஆம் சாலை வந்து இந்த ஊரைக் காலி செய்தது. 2005-இல் ஆல்பர்ட் ஒகூரா ஊரையே விலைக்கு வாங்கி, 2008-இல் பங்கை மறுபடி திறந்தார். பக்கத்தில் உப்பு ஏரி. நிலத்தடி நீரும் உப்பு. குடிநீர் வெளியிலிருந்து வந்தாக வேண்டிய ஊர். அங்கே பெட்ரோல் விலை அதிகம் என்று குறைப்படுகிறவர்கள் அந்தப் பாலைவனத்தில் ஒரு பம்பை உயிரோடு வைத்திருக்க என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வழியில் வண்டி எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்த் தொட்டியை நீடில்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கழிவுத்தொட்டியை அதற்கு முன்பே காலி செய்துவிடுங்கள். எரிபொருள் போட்டு முடித்ததும் வண்டியைப் பம்பிலிருந்து நகர்த்தி முன்னால் நிறுத்திவிட்டு அப்புறம் தேநீர் குடிக்கப் போங்கள். பின்னால் நிற்பவரின் 14 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.